லினக்ஸில் டயல்-அப் மோடத்தை இயக்குவது எப்படி?

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் இணைக்கும் ஒரு டயல்-அப் மோடம் வேலை செய்யுமா என்பது, முனையத்தில் முதல் கட்டளையைத் தட்டும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எனவே கையில் இருக்கும் மோடம் எந்த வகை என்று முதலில் பாருங்கள். தனிப் பெட்டியாக வெளியே இருந்து, சீரியல் கேபிள் வழியாக இணைவது என்றால் கவலை இல்லை. அதற்கெனத் தனி இயக்கி (ட்ரைவர்) தேவைப்படாது. கணினிக்குள் செருகும் அட்டை என்றால் அது ‘வின்மோடம்’ ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். விலையைக் குறைப்பதற்காக, ஒலியைத் தரவாக மாற்றும் வேலையைக் கணினியின் செயலியிடமே தள்ளிவிடும் வகை இது என்பதால், தயாரிப்பாளர் விண்டோஸ் இயக்கியை மட்டும் தந்திருந்தால் லினக்ஸில் அது வெறும் அட்டைதான். அப்படிப்பட்ட ஒன்றோடு இரண்டு மாலைகள் போராடிய பிறகு, பழைய சீரியல் மோடம் ஒன்றை வாங்கி அரை மணி நேரத்தில் இணைந்தவன் நான்.

மோடத்தைப் பொருத்தியபின், அது கணினியின் எந்தத் துறையில் (போர்ட்டில்) இருக்கிறது என்று அறிய வேண்டும். முனையத்தில், நிர்வாகி உரிமையுடன் கட்டளையை இயக்கும் ‘சூடோ’ என்பதை அடுத்து டி, எம், இ, எஸ், ஜி ஆகிய ஐந்து எழுத்துகளைத் தட்டினால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் செய்திகள் வரும். யூஎஸ்பி மோடமாக இருந்தால் கடைசி வரிகளில் ‘டிடிஒய்ஏசிஎம்0’ என்ற பெயரைக் காணலாம். விண்டோஸில் ‘காம்1’ எனப்படும் சீரியல் துறைக்கு இங்கே ‘டிடிஒய்எஸ்0’ என்று பெயர்.

அடுத்து, மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை அனுப்ப உதவும் மினிகாம் என்ற நிரலை நிறுவி, அதன் அமைப்பில் இந்தத் துறையைக் குறிப்பிடுங்கள். அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். பலர் மறப்பது இந்த மறுநுழைவைத்தான். மினிகாமில் ஏ, டி என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி என்டரை அழுத்தினால், மோடம் ‘ஓகே’ என்று பதில் தர வேண்டும். பதில் வராதவரை மேலே போவதில் பயனில்லை. பதில் வந்ததும் மினிகாமை மூடிவிடுங்கள். ஒரே துறையை இரண்டு நிரல்கள் பகிர்ந்துகொள்ள முடியாது.

இணைப்பை ஏற்படுத்த ‘டபிள்யூவிடயல்’ என்ற நிரல் எளிதானது. உங்கள் லினக்ஸ் பதிப்பின் மென்பொருள் களஞ்சியத்தில் அது உள்ளதா என்று பாருங்கள். அந்தக் கணினியில் வேறு இணைய வசதி இல்லையென்றால், தொலைபேசி இணைப்பின் வழியே இணையத் தரவைக் கொண்டுசெல்லும் பிபிபி உள்ளிட்ட சார்புத் தொகுப்புகளையும் சேர்த்து பென்டிரைவில் கொண்டுவர வேண்டியிருக்கும். நிறுவியதும் அதனுடன் வரும் ‘டபிள்யூவிடயல்கான்ஃப்’ கட்டளையை சூடோவுடன் இயக்கினால், அது துறைகளைத் தேடி, மோடத்தைக் கண்டுபிடித்து, அமைவுக் கோப்பைத் தானே எழுதிவிடும். அக்கோப்பைத் திறந்து, இணையச் சேவை நிறுவனம் தந்த தொலைபேசி எண், பயனர்பெயர், கடவுச்சொல் ஆகிய மூன்று வரிகளையும் நிரப்புங்கள். அவ்வரிகளின் தொடக்கத்தில் உள்ள அரைப்புள்ளியை நீக்கினால்தான் அவை செயல்படும். வேகம் 115200 என்று இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம், தொலைபேசிக் கம்பியில் அதிகபட்சம் 56 கிலோபிட்தான்.

இப்போது சூடோவுடன் டபிள்யூவிடயலை இயக்கினால், டயல் ஒலியும் எண்களின் ஓசையும் அதன்பின் அந்தப் பழைய கீச்சொலியும் கேட்கும். டயல் டோன் இல்லை என்ற செய்தி வந்து, ஆனால் அதே கம்பியில் சாதாரணத் தொலைபேசி ஒழுங்காக வேலை செய்கிறது என்றால், உங்கள் ஊர் டயல் டோனை மோடம் அடையாளம் காணவில்லை என்று பொருள். அமைவுக் கோப்பில் மூன்றாவது தொடக்கக் கட்டளையாக ‘ஏடிஎக்ஸ்3’ என்று சேர்த்தால், அது டோனுக்காகக் காத்திராமல் டயல் செய்யும். இணைந்தபின் கடவுச்சொல் கேட்கும் இடத்திலேயே நின்றுவிட்டால், ‘ஸ்டுபிட் மோட்’ என்ற விருப்பத்தை ‘யெஸ்’ ஆக்குங்கள். பெயர் கொஞ்சம் அவமானமாக இருந்தாலும், வினவலுக்குக் காத்திராமல் நேரே பிபிபியைத் தொடங்கச் செய்வது அதுதான்.

திரையில் உங்கள் ஐபி முகவரி தோன்றினால் இணைந்துவிட்டீர்கள். எண் முகவரிக்குப் பிங் என்ற சோதனைச் செய்தி போகிறது, ஆனால் தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் சிக்கல், பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பில்தான். இணைப்பைத் துண்டிக்க அதே முனையத்தில் கன்ட்ரோலுடன் சி விசையை அழுத்துங்கள். மோடத்தின் இணைப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே எழுந்திருங்கள், ஏனெனில் கம்பி திறந்திருக்கும்வரை அழைப்புக் கட்டணமும் ஓடிக்கொண்டிருக்கும்.