பழைய டூயல் ஸ்போர்ட் பைக் வாங்குகிறீர்களா? முதலில் செம்மண்ணைத் தேடுங்கள்

தார்ச் சாலை, மண் பாதை இரண்டிலும் ஓடும் பைக்குத்தான் டூயல் ஸ்போர்ட் என்று பெயர். சிங்கப்பூரில் மண் பாதை ஏது என்கிறீர்களா? வார இறுதியில் பக்கத்து மலேசியாவின் ஜோகூர் செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்து வருபவர்கள் நிறையப் பேர். அந்தப் பைக்குகள்தான் பிறகு விற்பனைக்கு வருகின்றன.

1. உரிமம். 2பி வகை ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தால் 200 சிசி வரை ஓட்டலாம், 2ஏ என்றால் 400 சிசி வரை. ஹோண்டா சிஆர்எஃப்250எல் மீது ஆசைப்படும் 2பி நண்பர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

2. சிஓஇ கணக்கு. சிஓஇ என்பது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் உரிமைச் சான்றிதழ். பைக்கின் விலையை, அதில் மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். 48 மாதம் மீதமுள்ள பைக் 7,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் மாதத்துக்கு 150 வெள்ளி. 24 மாதமே உள்ளது 5,400 வெள்ளி என்றால் 225. விலை குறைவாகத் தெரிவதுதான் உண்மையில் அதிகம். பழைய உரிமையாளர் சிஓஇ-யை 5 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தால் அதை மறுபடி நீட்டிக்க முடியாது. இதை மறக்காமல் கேளுங்கள்.

3. பைக்கைப் பார்ப்பது. பகல் வெளிச்சத்தில் போங்கள். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மங்கல் வெளிச்சத்தில் பாதிக் கீறல் தெரியாது. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம், தப்பில்லை.

அப்புறம் ஏர் ஃபில்டர். என் முதல் பைக்கைப் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். மூன்றாம் வாரம் ஏர் பாக்ஸைத் திறந்தால், ஃபில்டருக்கு உட்பக்கம் செம்மண் மாவு போலப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. அத்தனையும் எஞ்சினுக்குள் போயிருக்கிறது. பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

சக்கரக் கம்பிகளை ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இறுக்கமான ஸ்போக் ‘டிங்’ என்று ஒலிக்கும், தளர்ந்தது ‘டொக்’ என்று செத்த ஓசை தரும். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போய்விட்டது. எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தப் பைக் வேண்டவே வேண்டாம். முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ‘கடக்’ என்று சிக்கினால் ஹெட் பேரிங் தேய்ந்துவிட்டது.

உங்களுக்கும் சேர்த்துக் காப்புறுதி இல்லாமல் சாலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். உரிமையாளரை ஓட்டச் சொல்லிப் பின்னால் அமர்ந்து கவனியுங்கள்.

4. பெயர் மாற்றம். கடன் பாக்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் அடைத்ததற்கான கடிதம் வேண்டும். உங்கள் பெயரில் காப்புறுதி எடுத்த பிறகு, விற்பவர் ஒன்மோட்டரிங் என்ற அரசாங்க வாகன இணையத்தளத்தில் மாற்றத்தைத் தொடங்குவார். நீங்கள் சிங்பாஸ் என்ற அரசாங்க மின் அடையாளம் வழியாக ஏற்க வேண்டும். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து செய்து, மாற்றம் முடிந்ததைத் திரையில் பார்த்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

நீங்கள் விற்பவரானால், சர்வீஸ் ரசீதுகளை ஒரு கோப்பில் போட்டுக் கொடுங்கள். மண்ணில் ஓட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வாங்குபவர் அதில்தான் பயணம் போகப் போகிறார். சாவியைக் கொடுக்கும் முன் ஈஆர்பி (மின்னணுச் சாலைக் கட்டணம்) கருவியில் செருகிய கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.