மசட்லான்ல வீட்டு சாமான் வாங்கறது எப்படி? புதுசா குடிவந்தவங்களுக்கு

மெக்சிகோவோட பசிபிக் கரையில, சினலோவா மாநிலத்துல இருக்கற மசட்லானுக்கு வந்து வீடும் பிடிச்சாச்சு, சாவியும் கைக்கு வந்தாச்சு, ஆனா சமையல்கட்டுல உப்பு கூட இல்ல, எங்க போறதுன்னு முழிக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. நாலு நாள் டூர் வர்றவங்களுக்கு இல்ல, அவங்களுக்கு ஹோட்டல் இருக்கு.

நம்மாளுங்க எந்த ஊருக்குப் போனாலும் கண்ணுல படற பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சு வண்டி நிறைய அள்ளிட்டு வந்துடுவோம். இங்க அப்படி செஞ்சா காசும் ஜாஸ்தி, மீனும் பழசு. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இடம் இருக்கு, ஒரு நேரமும் இருக்கு, அது பிடிபட்டுட்டா மத்ததெல்லாம் ஈசி.

ஸ்டெப் 1: முதல்ல சில்லறை சேருங்க

விலைப் பலகையில டாலர் குறிதான் போட்டிருக்கும், பயந்துடாதீங்க, அது பெசோவுக்கும் அதே குறிதான். வரி உள்ள சாமானுக்கு கடையில போட்டிருக்கற விலையிலயே 16 சதவீத வரியும் சேர்ந்திருக்கும், பில் போடும்போது தனியா ஏத்த மாட்டாங்க.

ஏடிஎம்ல எடுத்தா பெரும்பாலும் 500 பெசோ நோட்டாத்தான் வரும், அதை நீட்டி ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கப் போனா அந்தம்மா உங்களை ஒரு பார்வை பார்ப்பாங்க பாருங்க. அதனால 500-ஐ சூப்பர்மார்க்கெட்டுலயோ, தெருவுக்குத் தெரு இருக்கற ஒக்ஸோ கடையிலயோ உடைச்சுக்கோங்க, 20, 50, 100 நோட்டும் 5, 10 பெசோ காசும் தனியா ஒரு பர்ஸ்ல வச்சுக்கோங்க. ஏடிஎம் பேங்குக்குள்ள இருக்கறதா பார்த்து எடுங்க. வெளிநாட்டு கார்டுன்னா, உங்க ஊர் பணத்துக்கு நாங்களே மாத்தித் தர்றோம்னு ஸ்க்ரீன்ல ஒரு கேள்வி வரும், வேண்டாம்னு அமுக்குங்க, அந்த ரேட்டு எப்பவும் நமக்கு நஷ்டம்தான். வேண்டாம்னு சொன்னாலும் பணம் வரும்.

இன்னொண்ணு, இங்க நிறைய பேருக்கு சம்பளம் மாசத்துக்கு ரெண்டு தடவை, 15-ஆம் தேதியும் மாசக் கடைசியும். கின்சேனான்னு சொல்வாங்க. அன்னைக்கு சாயங்காலம் ஏடிஎம்லயும் சூப்பர்மார்க்கெட்லயும் நிக்கற க்யூவுல சிக்கிட்டீங்கன்னா அன்னைக்கு வேற வேலை பார்க்க முடியாது, ஒரு நாள் முன்னாடியே முடிச்சுடுங்க.

ஸ்டெப் 2: காய்கறிக்கு சென்ட்ரோ மார்க்கெட்

பழைய ஊர்ப் பகுதியான சென்ட்ரோவுல பினோ சுவாரஸ் மார்க்கெட்டுன்னு இருக்கு, இரும்புத் தூணும் இரும்புக் கூரையுமா நூறு வருஷத்துக்கு மேல நிக்கற கட்டடம். உள்ள கறி, மீன், காய், பழம், மசாலா, சீஸ், செருப்பு, டூரிஸ்ட்டுக்கு விக்கற சிப்பி மாலை வரைக்கும் எல்லாம் இருக்கும். கடலோரமா ஓடற சாபலோ சென்ட்ரோ பஸ்ல ஏறினா இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டுடும். காலையில போங்க, மத்தியானம் ஆக ஆக வெயிலும் ஏறும், கீரை எல்லாம் துவண்டுடும்.

வாங்கற முறை சிம்பிள்தான். முதல்ல "புவெனோஸ் தியாஸ்", அதாவது காலை வணக்கம், சொல்லுங்க. இதை விட்டுட்டு நேரா விலை கேட்டா இந்த ஊர்ல மரியாதைக் குறைவு. அப்புறம் சாமானைக் காட்டி "ஆ கோமோ எல் கிலோ?" (கிலோ என்ன விலை). அரைக் கிலோன்னா "மெதியோ கிலோ", கால் கிலோன்னா "உன் குவார்த்தோ", இந்த மூணு வரி போதும், மிச்சத்தை விரலும் கண்ணும் பேசிக்கும். அவகாடோ வாங்கும்போது மட்டும் இன்னைக்கு சாப்பிடவா நாளைக்கான்னு அவங்களே கேப்பாங்க, "பாரா ஓய்" (இன்னைக்கு) இல்லன்னா "பாரா மஞ்ஞானா" (நாளைக்கு) சொன்னா போதும், ஒவ்வொண்ணா காம்புப் பக்கம் கட்டைவிரலை வச்சுப் பார்த்து எடுத்துத் தருவாங்க, நீங்க அமுக்கிப் பார்க்க வேண்டியதில்ல.

காய்கறிக்கு பேரம் பேசாதீங்க ப்ளீஸ். ரெண்டு பெசோவுக்காக அந்த அம்மாகிட்ட மல்லுக்கட்டறது நல்லா இல்ல, ரெகுலரா போனா தானா ஒரு எலுமிச்சம்பழம் சேர்த்துப் போடுவாங்க. பேரம் எல்லாம் டூரிஸ்ட் ஏரியாவான சோனா தோராதாவுல வெள்ளி நகை, கைவினைப் பொருள் விக்கற கடைகள்ல வச்சுக்கோங்க, அங்க எதிர்பார்த்துத்தான் விலையே சொல்வாங்க.

வீட்டுக்கு வந்ததும் பச்சையா சாப்பிடற எதுவா இருந்தாலும் கழுவி, கிருமிநாசினி சொட்டு விட்ட தண்ணியில ஊற வைங்க. சூப்பர்மார்க்கெட்டுல காய்கறிப் பக்கத்துலயே குட்டி பாட்டில்ல விப்பாங்க, எத்தனை சொட்டு, எத்தனை நிமிஷம்னு லேபிள்லயே இருக்கும்.

ஸ்டெப் 3: இறாலும் மீனும்

இதுக்காகவே இந்த ஊருக்குக் குடிவரலாம். மார்க்கெட்டுல இருந்து நடக்கற தூரத்துல, அகீலெஸ் செர்தான் தெருவுல, கலர் கலரா குடை நட்டு அதுக்குக் கீழ பிளாஸ்டிக் தொட்டியில ஐஸ் போட்டு பெண்கள் வரிசையா இறால் விப்பாங்க, சாங்கெராஸ்னு ஊர்ல பேரு. ஒவ்வொரு தொட்டியிலயும் ஒவ்வொரு சைஸ், சைஸுக்குத் தகுந்த விலை. தலையோடவா தலை இல்லாமலயான்னு பார்த்து விலையை ஒப்பிடுங்க (கோன் கபேசா, சின் கபேசா), தலை இல்லாதது விலை அதிகமாத் தெரியும், ஆனா தலைக்கும் சேர்த்து எடை போடறதைக் கணக்குப் பார்த்தா பெரிய வித்தியாசம் இருக்காது. எனக்கு தலையோடதான் பிடிக்கும், அந்தத் தலையைப் போட்டு வைக்கற குழம்பே தனி. ஓடு இறுக்கமா பளபளன்னு இருக்கணும், தலைக்கும் உடம்புக்கும் நடுவுல கருப்படிச்சிருந்தாலோ மூக்குல சுரீர்னு அடிச்சாலோ அடுத்த குடைக்கு நகருங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

கடல் இறாலுக்கு வருஷா வருஷம் தடைக்காலம் உண்டு, வேதான்னு பேரு. மார்ச் வாக்குல ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் போகும், தேதியை அரசாங்கம் அந்தந்த வருஷம் அறிவிக்கும். அப்பவும் தொட்டியில இறால் இருக்கும், ஆனா அது பண்ணை இறாலோ ஃப்ரீஸ் பண்ணினதோதான். அதுலயும் தப்பில்ல, மெக்சிகோவுல பண்ணை இறால்ல பெரிய கையே சினலோவாதான்.

மீனுக்கு காலங்காத்தால ப்ளாயா நோர்த்தே கடற்கரைக்குப் போங்க, சின்ன படகுல போனவங்க திரும்பி வந்து அங்கயே விப்பாங்க. சியெர்ரான்னு ஒரு மீன், நம்ம வஞ்சிரத்தோட சொந்தக்காரன், ரெண்டும் ஒரே பேரினம், துண்டு போட்டு வறுத்தா ஊர் ஞாபகம் வந்துடும். பார்கோன்னா சங்கரா குடும்பம் மாதிரி சிவப்பு மீன், முழுசா பொரிக்க நல்லது. நமக்கு வேண்டிய மாதிரி வட்டமா வெட்டணும்னா "என் ரொதாஹாஸ்" சொல்லணும், சொல்லலன்னா முள்ளெடுத்து ஃபில்லே போட்டுடுவாங்க, குழம்புக்கு அது உதவாது. ஐஸ் பெட்டி இல்லாம மீனுக்குக் கிளம்பாதீங்க, ஜூலை ஆகஸ்ட் வெயில்ல பஸ்ல வீடு வர்றதுக்குள்ள முடிஞ்சது கதை.

ஸ்டெப் 4: நம்ம சமையலுக்கு என்ன கிடைக்கும்

நீங்க நினைக்கறதை விட ஜாஸ்தியாவே கிடைக்கும். புளி, கொத்தமல்லி, தேங்காய், இஞ்சி, பூண்டு, சீரகம், கிராம்பு எல்லாம் மார்க்கெட்லயே இருக்கு. மாம்பழமும் புளியும் இங்கயே பிறந்த மாதிரி ஊறிப்போச்சு, ஆனா ரெண்டும் வெளியில இருந்து வந்து குடியேறினதுதான், நம்மள மாதிரி. பட்டை இங்க கனேலான்னு விக்கறது நிறைய இலங்கையில இருந்து வர்ற மெல்லிசுப் பட்டை, உள்ளங்கையில வச்சு நசுக்கினா நொறுங்கும். கறிக்குழம்புக்குப் போட அதோட வாசனை சாஃப்டாத்தான் இருக்கும், கொஞ்சம் கூடவே போடணும்.

மிளகாய்ல காரத்துக்கு சீலே தே ஆர்போல், நிறத்துக்கு வாஹீயோ (இது காஷ்மீரி மிளகாய்க்குப் பதிலா சூப்பரா உட்காரும்), ரெண்டையும் கலந்து காயவச்சு அரைச்சா வீட்டு மிளகாய்த்தூள் ரெடி. கொண்டைக்கடலை சினலோவாவோட பயிரே, பெருசு பெருசா வெள்ளையா இருக்கும். துவரம்பருப்பு, பெருங்காயம், உளுந்து இதெல்லாம் லோக்கல்ல தேடி அலையாதீங்க, ஆன்லைன்லதான். புளி உருண்டைன்னு வாங்கும்போது சர்க்கரையும் மிளகாயும் சேர்த்த மிட்டாயான்னு பார்த்து வாங்குங்க, ரசத்துல போட்டா விளங்கிடும். துருவின தேங்காய் பாக்கெட்டும் அப்படித்தான், சர்க்கரை இருக்கான்னு பாருங்க.

ஸ்டெப் 5: சூப்பர்மார்க்கெட், ஆனா லேபிளோட

சோப்பு, எண்ணெய், பால், டாய்லெட் பேப்பர் மாதிரி சாமானுக்கு லேய், சொரியானா, வால்மார்ட் போங்க. லேய் இந்த மாநிலத்துக் கம்பெனி, குலியாகான் ஊர்ல இருந்து வந்தது. வால்மார்ட்ல செவ்வாய்க்கிழமை காய்கறி பழத்துக்கு ஆஃபர் போடுவாங்க.

சைவம் சாப்பிடறவங்க இதை ரெண்டு தடவை படிங்க: மந்தேகான்னு டப்பாவுல இருந்தா அது பன்றிக் கொழுப்பு. வெண்ணெய் வேணும்னா மந்தேகீயா. நெய் காய்ச்ச உப்பில்லாத மந்தேகீயாவா பார்த்து எடுங்க, மார்கரின் பக்கத்துலயே அதே சைஸ் டப்பாவுல உட்கார்ந்திருக்கும். கோதுமை டார்ட்டியா (நம்ம சப்பாத்தி மாதிரி), டின்ல வர்ற மசிச்ச பீன்ஸ் ரெண்டுலயும் இந்தப் பன்றிக் கொழுப்பு சேர்க்கறது சகஜம், ஹோட்டல் சாதத்துல கோழி சூப் பொடியும் இருக்கலாம். பால்லயும் பாக்கெட் முன்னாடி "லெச்சே"ன்னு நேரா எழுதியிருக்கா, இல்ல ஃபோர்முலா லாக்தேயா (பால் சேர்த்த கலவை) மாதிரி ஏதாவது நீட்டி எழுதியிருக்கான்னு பாருங்க, ரெண்டாவதுல தயிர் உறைய வைக்க முயற்சி பண்ணாதீங்க. 2020 அக்டோபர்ல இருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஜாஸ்தியா இருக்கற பாக்கெட்ல கருப்பா எட்டுமூலை முத்திரை போடணும்னு சட்டம், குழந்தைங்களுக்கு வாங்கும்போது அதை எண்ணிப் பார்த்தாலே பாதி தெரிஞ்சுடும்.

பில் போடற இடத்துல கேஷியர் படபடன்னு கேள்வி கேப்பாங்க. "ரெதோந்தேயார்"னு காதுல விழுந்தா, பில்லை முழு பெசோவாக்கி மிச்சத்தை தர்மத்துக்குக் கொடுக்கறீங்களான்னு அர்த்தம், உங்க இஷ்டம். சில கடைகள்ல பையில அடுக்கித் தர்ற வயசானவங்க இருப்பாங்க, அவங்களுக்குக் கடையில சம்பளம் கிடையாது, நாம கொடுக்கறதுதான், அதனால 5, 10 பெசோ கையில ரெடியா வச்சிருங்க. துணிப்பை நீங்களே கொண்டுபோங்க.

ஸ்டெப் 6: தண்ணி, டார்ட்டியா, ரொட்டி

குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க. 20 லிட்டர் கேன், காரஃபோன்னு பேரு, முதல் தடவை கேனுக்கும் சேர்த்துக் கொடுக்கணும், அப்புறம் காலி கேனைக் கொடுத்து மாத்திக்கலாம், தண்ணி வண்டி தெருவுக்கே வரும்.

சோள டார்ட்டியாவை பாக்கெட்ல வாங்கறது பாவம். தெருமுனை தோர்த்தியேரியாவுல, அதாவது டார்ட்டியா கடையில, மெஷின்ல இருந்து சூடா விழும், கிலோ கணக்குல பேப்பர்ல சுத்தித் தருவாங்க, வீட்ல இருந்து ஒரு துணி கொண்டுபோய் அதுல சுத்தி எடுத்து வந்தா சாயங்காலம் வரைக்கும் மெத்துன்னு இருக்கும். பேக்கரியில உள்ள போனதும் வட்டமா ஒரு தட்டும் இடுக்கியும் எடுத்துக்கிட்டு நீங்களே பொறுக்கணும், கையால தொடக்கூடாது, தட்டைக் கொண்டுபோய் கவுண்டர்ல வச்சா எண்ணி பையில போட்டுத் தருவாங்க.

ஸ்டெப் 7: மிக்ஸி, ஃபேன், ஆன்லைன்

மெக்சிகோவுல கரண்ட் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் 230 வோல்ட் மிக்ஸியைத் தூக்கிட்டு வராதீங்க, இங்க சுத்தாது, முனகும். இங்க கிடைக்கற ப்ளெண்டர்ல சட்னி அருமையா வரும், இட்லி மாவுக்கு சுமார்தான்.

கொப்பேல் மாதிரி தவணைக் கடைகள்ல பெரிசா எழுதியிருக்கறது தவணைத் தொகையா மொத்த விலையான்னு பாருங்க, "ப்ரேசியோ தே கொந்தாதோ"ன்னு கேட்டா ரொக்க விலை சொல்வாங்க. ஆன்லைனுக்கு மெர்காதோ லிப்ரேவும் அமேசானும் இருக்கு, கார்டு இல்லன்னா நிறைய ஆர்டருக்கு ஒக்ஸோ கவுண்டர்ல ரொக்கமாவே கட்டலாம். அட்ரஸ்ல எந்தெந்தக் குறுக்குத் தெருவுக்கு நடுவுலங்கறதையும், வீட்டு கேட் என்ன கலர்ங்கறதையும் சேர்த்து எழுதுங்க, டெலிவரி பையன் அதைப் பார்த்துத்தான் வருவான். லோக்கல் பேங்க் கணக்கு தொடங்கிட்டீங்கன்னா பணம் அனுப்ப, வாங்க 18 இலக்க கிளாபே நம்பர் கிடைக்கும், சின்னக் கடைக்காரங்க கூட மொபைல்லயே ட்ரான்ஸ்ஃபர் வாங்கிப்பாங்க.

பில் பேப்பர் இங்கத்த சூட்டுல சீக்கிரம் வெளுத்துடும், வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க. மாத்தித் தர மாட்டேன்னு கடைக்காரர் அடம் பிடிச்சா ப்ரொஃபேகோன்னு நுகர்வோர் ஆபீஸ் இருக்கு, வெளிநாட்டுக்காரங்களும் புகார் கொடுக்கலாம்.

ஸ்டெப் 8: ஞாயித்துக்கிழமை சந்தை

கொலோனியா ஹுவாரெஸ்ங்கற குடியிருப்புப் பகுதியில ஞாயித்துக்கிழமை தெருவெல்லாம் அடைச்சு சந்தை போடுவாங்க. பழைய துணி, பாத்திரம், ஸ்பேனர், செடி, டேபிள் ஃபேன், எல்லாம் உண்டு. புது வீட்டுக்கு பாத்திரம் பண்டம் இங்க வாங்கினா காசு மிச்சம். கரண்ட் சாமான்னா ப்ளக்ல மாட்டி ஓடுதான்னு பார்க்காம காசு கொடுக்காதீங்க. ஃபோனை முன்பாக்கெட்ல வைங்க. இங்க பேரம் ஓகே, சிரிச்சுக்கிட்டே கேளுங்க.

திரும்பி வர சாமான் நிறைய இருந்தா புல்மொனியா பிடிக்கலாம், பக்கம் திறந்த குட்டி டாக்ஸி, 1965-ல இருந்து இந்த ஊர்ல ஓடுது. மீட்டர் கிடையாது, ஏறறதுக்கு முன்னாடியே விலை பேசிடுங்க. ஃபேனை மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கோங்க, மலெக்கோன்ங்கற கடலோர ரோட்டுல கடல் காத்து வேற பலமா அடிக்கும்.