நெஞ்சை உருக்கும் ஷாம்பூ விளம்பரத்துக்கு இசையமைக்கும் முறை

தாய்லாந்தில் பான்டீன் ஷாம்பூவுக்காக 2008-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட, ஏறத்தாழ நான்கு நிமிடம் ஓடும் விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும். காது கேளாத சிறுமி ஒருத்தி வயலின் வாசிக்க ஆசைப்படுகிறாள். தெருவோரம் வயலின் வாசிக்கும் ஒருவர் அவளுக்குத் துணை நிற்கிறார். பியானோ வாசிக்கும் சக மாணவி ஏளனம் செய்கிறாள். போட்டிக்கு முன் வயலின் அடித்து நொறுக்கப்படுகிறது. அதை ஒட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு அவள் மேடையேறுகிறாள். அந்த மேடையில் ஒலிப்பது ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் பாகெல்பெல் (1653–1706) இயற்றிய ‘கேனன் இன் டி’. (ஒரே மெட்டைப் பல வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வாசிக்கும் வடிவமே கேனன்.) இத்தகைய விளம்பரத்துக்கு இசையமைக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

விளம்பரத்தை மூன்று முறை பார்க்கவும்: ஒரு முறை வழக்கம்போல, ஒரு முறை ஒலியை அணைத்துவிட்டு, ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு. ஒலியில்லாமல் பார்க்கும்போது கதை புரியும், ஆனால் கண் கலங்காது. கண்ணை மூடிக் கேட்கும்போது கதை பாதிதான் புரியும், தொண்டை மட்டும் அடைத்துக்கொள்ளும். எந்த நொடியில் அடைக்கிறது என்பதைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கதையிலும் அப்படி ஒரு நொடியை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி இசையமைப்பதே சரியான வரிசை.

அடுத்து, இசை கதைக்குள் யாருடையது என்று கேட்கவேண்டும். தாய் இறந்துபோன காட்சியில் வெளியிலிருந்து சோகப் புல்லாங்குழலை ஊற்றுவது எளிது; பார்ப்பவர் அதை உடனே கண்டுகொள்வார், தன்னை அழவைக்கப் பார்க்கிறார்கள் என்று மனத்தைப் பூட்டிக்கொள்வார். தாய்லாந்து விளம்பரத்தில் இசை பாத்திரத்தின் கையிலேயே இருக்கிறது. அவள் வாசிப்பதால்தான் அது கேட்கிறது. தன் காதில் விழாத இசையை அவள் வாசிக்கிறாள் என்பதே கதை. உங்கள் கதையில் வாத்தியம் இல்லையென்றால் பாட்டி முணுமுணுக்கும் தாலாட்டோ, பள்ளி மணியின் சுருதியோ போதும். அதிலிருந்து மெட்டை எடுங்கள்.

இனி மெட்டின் கட்டமைப்பு. கேனனின் அடித்தளம், அதாவது கீழே ஒலிக்கும் வரிசை, எட்டே சுரங்கள். மேற்கத்திய சுரமான டி-யை ஆதார ஷட்ஜமாக (ஸ) கொண்டால் அவை ஸ ப த க ம ஸ ம ப என்று வரும். எல்லாமே சங்கராபரண ராகத்துக்குள் அடங்குபவை என்பதால் நம் காதுக்கும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. கீழே இந்த எட்டும் மாறாமல் 28 முறை சுற்றிச் சுற்றி வர, மேலே மூன்று வயலின்கள் ஒரே மெட்டை, ஒன்று தொடங்கி ஒரு சுற்று கழித்து மற்றொன்றாக வாசிக்கின்றன. மெட்டு நீண்ட சுரங்களில் தொடங்கி, இரட்டித்து, மேலும் இரட்டித்து விரைகிறது. அதாவது அடியில் ஆறுதல் அப்படியே இருக்க, மேலே தவிப்பு மட்டும் ஏறுகிறது. கண்ணீரை வரவழைக்கும் விளம்பரங்களில் இந்த இசை மீண்டும் மீண்டும் பயன்படுவதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. நீங்கள் சொந்தமாக மெட்டமைத்தாலும் மாறாத அடித்தளமும் ஏறும் மேற்பகுதியும் என்ற இந்த ஏற்பாட்டைக் கைவிடாதீர்கள்.

சுற்றிவரும் அடித்தளத்தால் எடிட்டருக்கும் வேலை எளிதாகிறது. நிமிடத்துக்கு 60 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் ஒரு சுற்று எட்டு நொடி. 28 சுற்றும் 224 நொடி, அதாவது நான்கு நிமிடத்துக்குச் சற்றே குறைவு. தொலைக்காட்சிக்கு 30 நொடி வடிவம் வேண்டுமானால் காலப்பிரமாணத்தை 64 ஆக்குங்கள். நான்கு சுற்று, 32 தட்டு, சரியாக 30 நொடியில் முடியும். நடுவில் எந்தச் சுற்றை வெட்டி எடுத்தாலும் ஒட்டு தெரியாது. படம் எடுப்பதற்கு முன்பே காலப்பிரமாணத்தைத் தீர்மானித்து, நடிப்பவரின் காதில் க்ளிக் (தட்டுக்குத் தட்டு ஒலிக்கும் ‘டிக்’ சத்தம்) கொடுத்துவிட்டால் ரீ-ரெக்கார்டிங்கின்போது இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்காது.

முழு மெட்டையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. முதல் முக்கால் பகுதிக்குத் துணுக்குகள் மட்டும் போதும். வாத்தியம் உடையும் இடத்தில் இசையே வேண்டாம், மரம் பிளக்கும் சத்தம் போதும். அந்த வெறுமைக்குப் பிறகு வரும் முதல் வில்லிழுப்புக்குத்தான் பார்ப்பவர் காத்திருக்கிறார்.

கூந்தல் காட்சி எங்கே வருகிறதோ அங்கே ஜிங்கிளுக்கு, அதாவது பொருளின் பெயரைச் சொல்லும் குறும்பாட்டுக்கு, தாவிவிடாதீர்கள். தாய்லாந்து விளம்பரத்தில் அவள் வாசிக்கும் வேகத்திலேயே கூந்தல் அலைகிறது. பொருளை விற்கும் காட்சியும் கதையின் உச்சமும் ஒன்றாகிவிடுகின்றன. (வயலின் வில்லில் கட்டியிருப்பதும் குதிரை வால் முடிதான். ஷாம்பூ விளம்பரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடைக்குமா!) உங்கள் படத்திலும் கூந்தல் அசையும் நொடியும் மெட்டின் உச்ச சுரமும் ஒரே ஃபிரேமில் விழவேண்டும்.

உரிமை பற்றி ஒரு சொல். இந்தியச் சட்டப்படி இசையமைப்பின் பதிப்புரிமை அதை இயற்றியவர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். பாகெல்பெல்லின் மெட்டு எல்லாருக்கும் பொது. ஆனால் அதை இன்றைய குழு ஒன்று வாசித்துப் பதிவுசெய்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல், ஒரு கூந்தல் தைல விளம்பரத்துக்கு இணையத்தில் கிடைத்த கேனன் பதிவை நான் எடுத்துப் போட்டேன். வெளியான மூன்றாம் நாளே ஒலி முடக்கப்பட்டது, வாடிக்கையாளர் பாதிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் பிழையில்லை. இரண்டு வயலின் கலைஞர்களையும், அடித்தளத்துக்கு ஒரு செல்லோ (வயலினைவிடப் பெரிய, கீழ் ஸ்தாயி வாத்தியம்) கலைஞரையும் அழைத்து அரை நாளில் புதிதாகப் பதிவுசெய்திருந்தால் செலவு அதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். மூன்றாவது வயலினை அந்த வயலின் கலைஞர்களில் ஒருவரே இன்னொரு ட்ராக்கில் (தனிப் பதிவாக) வாசித்துவிடலாம்.

கலவை முடிந்ததும் ஸ்டுடியோ ஸ்பீக்கரை நம்பாமல் கைப்பேசியில் ஒரு முறை போட்டுக் கேளுங்கள். இவ்வகை விளம்பரங்களைப் பெரும்பாலோர் அதில்தான் பார்க்கிறார்கள். அதன் சிறிய ஸ்பீக்கரில் செல்லோவின் கீழ் ஸ்தாயி சுரங்கள் ஏறக்குறைய மறைந்துவிடும், எட்டுச் சுர அடித்தளம் இல்லாமல் மேல் மெட்டு அந்தரத்தில் தொங்கும். அதே எட்டுச் சுரங்களை ஒரு ஸ்தாயி மேலே பியானோவிலோ கிதாரிலோ மெல்லிதாகச் சேர்த்து, மறுபடியும் கைப்பேசியிலேயே கேட்டுச் சரிபாருங்கள்.