காலில் இறங்கும் வலிக்கு நரம்பு பிளாக்: ஊசி போடும் நாளும் அடுத்த சில நாட்களும்

இடுப்பில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று சுரீரென இறங்கும் வலிதான் சயாட்டிகா. பெரும்பாலும் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவதால் வருகிறது. மாத்திரைக்கும் பிசியோதெரபிக்கும் அடங்காதபோது, அந்த வேருக்குப் பக்கத்திலேயே ஊசியால் மருந்து செலுத்துவார்கள்; இதுதான் நரம்பு பிளாக். அம்மாவுக்கு இரண்டு முறை போட்டபோது கூடவே இருந்தேன்.

1. முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது ஆபத்து. சர்க்கரை நோய், காய்ச்சல், மருந்து அலர்ஜி, கர்ப்பம் எதையும் மறைக்க வேண்டாம்.

2. மேசை மேல்

குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை வைப்பார்கள். தோல் மரத்துப்போகப் போடும் முதல் ஊசி எரியும். அப்புறம் சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியை நகர்த்தி, கொஞ்சம் சாயம் செலுத்தி இடத்தை உறுதி செய்வார்கள். மருந்து இறங்கும்போது உங்கள் பழைய வலியே அதே பாதையில் ஒரு நிமிடம் வந்து போகலாம். அம்மா இதற்குத்தான் பயந்துவிட்டார். கூர்மையாக வலித்தால் அசையாமல் வாயால் சொல்லுங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

3. முதல் ஆறு மணி நேரம்: நோட்டும் பேனாவும்

கால் மரத்து, தளர்ந்து இருக்கலாம். ஒருவர் கையைப் பிடித்தே நடங்கள். அன்று வண்டி ஓட்டவே கூடாது.

ஊசியில் பொதுவாக இரண்டு மருந்து இருக்கும். மரப்பு மருந்து சில நிமிடங்களில் வேலை செய்து, சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இன்னொன்றான, நரம்பைச் சுற்றிய வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு மெதுவாகத்தான் பிடிக்கும்: சிலருக்கு இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒன்றிரண்டு வாரம். இடைப்பட்ட நாட்களில் வலி திரும்பும், முன்னைவிடக் கூடவும் செய்யலாம். முதல் முறை அன்று ராத்திரியே "எல்லாம் வீணாப் போச்சே" என்று அம்மா அழுதார். ஐந்தாம் நாள் மாடிப்படி ஏறினார். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த அழுகை வேண்டியிருந்திருக்காது.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, ஊசிக்கு முன்பும், பிறகு மணிக்கொரு முறையும் எழுதுங்கள். உட்கார்ந்தபடி மட்டுமல்ல, வழக்கமாக வலி வரும் அளவுக்கு நடந்து பார்த்தும் எழுதுங்கள். மரப்பு இருக்கும்போதே வலி குறையவில்லை என்றால், வலி வேறு இடத்திலிருந்து வரக்கூடும். மருத்துவருக்கு அது பெரிய துப்பு.

4. அடுத்த சில நாட்கள்

ஸ்டீராய்டால் சர்க்கரை சில நாட்கள் ஏறும், அடிக்கடி பாருங்கள். முகம் சிவக்கலாம், தூக்கம் கெடலாம்; தானே சரியாகும். ஆனால் காய்ச்சல், கடும் முதுகுவலி, எழுந்தால் தாங்க முடியாத தலைவலி, மரப்பு தீர்ந்தும் நீடிக்கும் கால் தளர்ச்சி, சிறுநீர் மலம் அடைபடுவது அல்லது கட்டுப்படாமல் போவது, மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பலன் சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். சிலருக்குக் கிடைக்காமலும் போகும். வலி தணிந்த நாட்களில்தான் பிசியோதெரபி நன்றாகச் செய்ய முடியும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.