ஹெச்ஆர்டி எடுக்கறீங்களா, கர்ப்பப்பை உள்சுவர பத்திரமா வெச்சுக்கறது எப்படி

மெனோபாஸ்க்கு குடுக்கற ஹார்மோன் சிகிச்சை, அதாவது ஹெச்ஆர்டி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி முதல்ல பாக்க வேண்டியது, உங்களுக்கு கர்ப்பப்பை இருக்கா இல்ல எடுத்தாச்சாங்கறது. எடுத்தவங்களுக்கு பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும், எண்டோமெட்ரியோசிஸ் (உள்சுவர் மாதிரி திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது) இருந்தவங்க மட்டும் டாக்டர்கிட்ட தனியா கேட்டுக்கோங்க. கர்ப்பப்பை இருந்தா கூடவே புரோஜெஸ்டிரோனும் எடுத்தே ஆகணும்.

ஏன்னா ஈஸ்ட்ரோஜன் உள்சுவர வளர்த்துக்கிட்டே இருக்கும். பீரியட்ஸ் ஒழுங்கா வர்ற வயசுல, முட்டை வெளியானதும் உடம்பே புரோஜெஸ்டிரோன் சுரந்து அந்த வளர்ச்சிய நிறுத்திடும், அப்புறம் அது பீரியட்ஸா வெளிய வந்துடும். மெனோபாஸ்ல அது நின்னு போச்சு, அப்போ வெறும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள போனா சுவர் தடிச்சுக்கிட்டே போகும், சிலருக்கு கேன்சர் வரைக்கும் கொண்டு விட்டுடும். 1975லயே அமெரிக்க ஆய்வுகள்ல இது தெரிஞ்சு போச்சு. 1990கள்ல பெபின்னு ஒரு பெரிய ஆய்வு, அதுல 3 வருஷம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவங்கள்ல 62 சதவீதம் பேருக்கு சுவர் அளவுக்கு மீறி வளர்ந்திருந்துச்சு, புரோஜெஸ்டிரோனும் சேர்த்து எடுத்தவங்களுக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை எடுத்தவங்க அளவுக்குத்தான் இருந்துச்சு.

அதனால கடையில வாங்கினதும் அட்டைய திருப்பி பாருங்க. எஸ்ட்ரடையால்னு (அது ஈஸ்ட்ரோஜன்தான்) மட்டும் போட்டிருந்தா, கூட புரோஜெஸ்டிரோனோ, அதே வேலைய செய்யற டைட்ரோஜெஸ்டிரோனோ நோரெத்திஸ்டிரோனோ எழுதியிருக்காங்களான்னு சீட்டுல தேடுங்க, இல்லன்னா உடனே கேளுங்க. தோல்ல தடவற ஜெல், ஒட்டற பேட்ச் எல்லாத்துக்கும் இதே கதைதான், வாய் வழியா போகலையேன்னு விட்டுடாதீங்க. பிறப்புறுப்பு வறட்சிக்கு குறைஞ்ச டோஸ்ல உள்ள வைக்கற க்ரீமுக்கு மட்டும் பொதுவா இது தேவைப்படாது.

கடைசி பீரியட்ஸ் வந்து ஒரு வருஷம் ஆகலன்னா வழக்கமா மாசத்துல 12லருந்து 14 நாள் மட்டும் புரோஜெஸ்டிரோன் குடுப்பாங்க, அந்த நாள் முடிஞ்சதும் பீரியட்ஸ் மாதிரி வரும், அது நார்மல்தான். ஒரு வருஷம் தாண்டிட்டா ரெண்டையும் தினமும், அப்போ ப்ளீடிங்கே இல்லாம போறதுதான் எதிர்பார்ப்பு. கர்ப்பப்பைக்குள்ள வைக்கற 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் (இதுவும் புரோஜெஸ்டிரோன் மாதிரிதான்) காயில் போட்டிருக்கறவங்களுக்கு அதுவே சுவர பாத்துக்கும், ஆனா காயில் மாத்த வேண்டிய தேதிய எழுதி வெச்சுக்கோங்க. புரோஜெஸ்டிரோன் போட்டா தூக்கமா வருதுன்னு நிறைய பேர் அத மட்டும் நிறுத்திடறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, ராத்திரி படுக்கும்போது போடுங்க, அப்பவும் ஒத்துக்கலன்னா வேற வகை இருக்கு, மாத்திக் கேளுங்க.

ஆரம்பிச்ச முதல் 3லருந்து 6 மாசம் ஸ்பாட்டிங் வர்றது சகஜம். அதுக்கப்புறமும் வந்தா, இல்ல நின்னு போனது திரும்ப ஆரம்பிச்சா, இல்ல ரொம்ப அதிகமா போனா தள்ளிப் போடாம காட்டுங்க, வயசானா இப்படித்தான்னு வீட்டுல சொல்றத கேக்காதீங்க. எந்தெந்த தேதி, எவ்வளவு போச்சுன்னு காலண்டர்ல குறிச்சு கொண்டு போனா டாக்டருக்கு பெரிய உதவி. டிவிஎஸ் ஸ்கேன்ல (பிறப்புறுப்பு வழியா எடுக்கற அல்ட்ராசவுண்ட்) சுவரோட தடிமன் பாப்பாங்க, தினமும் ரெண்டும் எடுக்கறவங்களுக்கு 4 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா கேன்சர் இருக்க வாய்ப்பு ரொம்ப குறைவு. மாசாமாசம் ப்ளீடிங் வர்ற முறையில இருக்கறவங்க, அது முடிஞ்ச உடனே ஸ்கேன் எடுங்க, அப்பதான் அளவு சரியா தெரியும். தடிச்சிருந்தா மெல்லிசான குழாய் விட்டு கொஞ்சம் திசு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவாங்க, சில நிமிஷ வேலை, வயித்த இழுத்துப் பிடிக்கும், அதனால முன்னாடியே வலி மாத்திரை போட்டுக்கலாமான்னு கேட்டுட்டு போங்க.