வயிற்றுக்குள் பிட் வைக்கும் அலுமினிய ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி

மாற்றி மாற்றிப் போடும் ஸ்க்ரூடிரைவர் முனைகளை (பிட்) உள்ளேயே வைத்துக்கொள்ளும் கைப்பிடி இது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கைப்பிடிகளில் முதலில் உடைந்துபோவது பின்பக்க மூடிதான். அதனால் இந்த வேலையில் மூடிக்கும் மரைக்கும்தான் அதிக கவனம் வேண்டும், மற்றதெல்லாம் எந்த லேத் பட்டறையிலும் சுலபமாக முடிந்துவிடும்.

25 மிமீ அலுமினிய ராடில் 110 மிமீ துண்டு ஒன்று, மூடிக்குத் தனியாக ஒரு சின்னத் துண்டு. கால் அங்குல பிட்டின் அறுகோண மூலைக்கு மூலை 7.3 மிமீ வரும். மூன்றைச் சேர்த்துக் கட்டினால் கிட்டத்தட்ட 15.7 மிமீ வட்டத்துக்குள் அடங்கிவிடும். எம்18×1.5 மரைக்கு (18 மிமீ விட்டம், மரைக்கு மரை 1.5 மிமீ) போட வேண்டிய துளையோ 16.5 மிமீ. ஒரே துளையில் இரண்டு வேலையும் முடிகிறது, அதனால்தான் நான் இந்த அளவை விடுவதே இல்லை. பின்பக்கத்திலிருந்து 62 மிமீ ஆழம் போட்டால் மூடியின் 10 மிமீ போக, 25 மிமீ பிட்டுகள் இரண்டு அடுக்காக ஆறு நிற்கும்.

நர்லிங்கை, அதாவது கை வழுக்காமல் இருக்க மேலே அழுத்திப் போடும் சொரசொரப்பு வரிகளை, முதலில் போடுங்கள். துளை போட்ட பிறகு நர்லிங் சக்கரத்தை அழுத்தினால் மெல்லிய சுவர் நசுங்கும். ஆட்டம் இல்லாமல் இருக்க லேத்தின் மறுமுனையில் உள்ள டெயில்ஸ்டாக் சென்டரை முட்டுக் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே ஓட்டுங்கள். அப்புறம் நர்லிங் மேல் தகடு சுற்றி சக்கில் பிடித்து 8, 12, 16.5 என்று படிப்படியாகத் துளையுங்கள், அலுமினியம் ட்ரில்லில் அப்பிக்கொள்ளும் என்பதால் அடிக்கடி வெளியே இழுத்துச் சுருளைத் தட்டிவிட வேண்டும். உள்மரை வெட்டும் டேப்பைக் கையாலேயே, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று 12 மிமீ ஆழத்துக்கு ஓட்டினால் போதும்.

மூடியில் மரை முடியும் இடத்தில், தோளை ஒட்டி 2 மிமீ பள்ளம் எடுத்து அதில் ஒரு ஓ-ரிங் மாட்டுங்கள். இது கட்டாயம். ஸ்க்ரூவைக் கழற்றும்போது உள்ளங்கை மூடியையும் அதே பக்கம் திருப்புகிறது, ரப்பர் பிடிப்பு இல்லாவிட்டால் மூடி கழன்று பிட்டெல்லாம் தரையில் சிதறும். மரை வெட்ட வசதி இல்லையா, கார் உதிரிபாகக் கடையில் ஆக்சிஜன் சென்சார் துளையை அடைக்கும் பிளக் கேளுங்கள், பெரும்பாலும் இதே எம்18×1.5 தான்.

முன்பக்கம் 7.5 மிமீ துளை, 30 மிமீ ஆழம். அறுகோணத் தண்டு உள்ள காந்த பிட் ஹோல்டரை எபாக்சி தடவிச் செருகி, பக்கவாட்டில் இரண்டு எம்4 கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத ஸ்க்ரூ) போடுங்கள், தண்டின் தட்டையான முகத்தில் உட்காரும்படி. பசையை மட்டும் நம்பினால் இறுக்கமான ஸ்க்ரூ ஒன்றைத் திருகும்போது தண்டு உள்ளேயே சுழலும்.

வாயோரப் பிசிறை நன்றாக எடுத்துவிடுங்கள், விரலைக் கிழிக்கும். பிட்டுகள் உள்ளே கலகலவென்று ஆடினால் மூடியின் உட்பக்கம் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டினால் சரியாகிவிடும்.