பெரிய ஹெட்போனுக்குச் சிக்கனமாக ஆம்ப் தேர்ந்தெடுத்தல்

நுணுக்கமாக ஒலிக்கும் பெரிய ஹெட்போனை வாங்கியவர், ஆம்புக்கு, அதாவது ஒலிச் சைகையைப் பெருக்கித் தரும் கருவிக்கு, பணம் ஒதுக்கும் முன், ஹெட்போனின் ஓம் அளவையும் (மின்தடை) ஒரு மில்லிவாட்டுக்கு அது எத்தனை டெசிபல் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 250 ஓம், 96 டெசிபல் கொண்ட பேயர்டைனமிக் டிடி 990 புரோவுக்கு, போனில் செருகும், 1 வோல்ட் தரும் சிறு டாங்கிளிலிருந்து 4 மில்லிவாட் கிடைக்கும். ஒலி 102 டெசிபலை எட்டும். நிதானமாகக் கேட்போருக்கு அதுவே போதும். மிருதங்கத்தின் திடீர் அடிகளுக்காக 110 டெசிபல் வரை இடம் வேண்டுமென்றால் 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட் தேவைப்படும். விலை குறைந்த மேசை ஆம்புகள் பலவும் இதைத் தந்துவிடும் என்பதால், வாட் கணக்கைக் காட்டி விற்கப்படும் பெரிய பெட்டிக்குச் செலவழிப்பது வீண் என்றே கருதுகிறேன்.

32 ஓம் ஹெட்போனானால் ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஆம்பின் வெளியீட்டிலேயே உள்ள மின்தடை) 4 ஓமுக்கு மிகாமல் இருக்கட்டும். தட்டையான மெல்லிய தகட்டால் ஒலியெழுப்பும் பிளேனார் வகை ஹெட்போனுக்கு மின்னோட்டமே முக்கியம்.

புதுச்சேரியில் குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் வசிப்போர் இன்னொன்றையும் எண்ண வேண்டும்: பின்புறம் திறந்த ஹெட்போனுக்குள் அலையோசையும் மின்விசிறி இரைச்சலும் தாராளமாக நுழையும். அதை ஆம்பின் ஒலியைக் கூட்டி வெல்ல முயல்வதைவிட, மூடிய வகையை வாங்குவதே காதுக்கும் பணப்பைக்கும் நல்லது.